ஒன்பதாவது சுற்றுக்கு வாங்கிய டயர்: மேக்சிஸ் மினியன், புக்கிட் தீமாவில் ஒரு முழுப் பகல்

இரண்டு டயரும் சேர்த்து எனக்கு 178 சிங்கப்பூர் வெள்ளி ஆயிற்று. முன் சக்கரத்துக்கு மேக்சிஸ் மினியன் டிஎச்எஃப், 29 அங்குலம், 2.5 அகலம். பின் சக்கரத்துக்கு அதே குடும்பத்து மினியன் டிஎச்ஆர் 2, 29-க்கு 2.4. சைக்கிள் டயருக்கா இவ்வளவு காசு என்று வீட்டில் கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். நான் வேலை பார்ப்பது பேருந்துப் பணிமனையில். பதினெட்டு வருடமாகத் தினமும் டயரைத் தடவிப் பார்க்கிற கை இது. கொடுத்த காசுக்கு உழைக்கிறதா என்று ஒரு பகல் முழுக்க வைத்துப் பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

அந்தப் பகலைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பியும் நானும் ஞாயிற்றுக்கிழமைகளில் ஒன்றாகச் சைக்கிள் ஓட்டுவோம். ஒருநாள் ஓட்டம் முடிந்து பரோட்டா கடையில் உட்கார்ந்திருந்தபோது அவன்தான் ஆரம்பித்தான். “அத்தான், புக்கிட் தீமாவுல காலையில கேட் திறந்ததும் உள்ள போயி, சாயங்காலம் மூடுறதுக்குள்ள எத்தனை ரவுண்டு முடியுதுன்னு பாப்போமா? பத்து ரவுண்டு அடிக்கணும்.” அவ்வளவுதான் பேச்சு. பெயர் கொடுத்துப் பதிவு செய்யும் போட்டி இல்லை, எண் அட்டை கிடையாது, பதக்கம் கிடையாது. காலைத் தரையில் ஊன்றலாம், இறங்கித் தள்ளலாம், உட்கார்ந்து சாப்பிடலாம். மற்ற சைக்கிள்காரர்களுக்கு இடைஞ்சல் செய்யக்கூடாது, நேரம் முடிவதற்குள் வெளியே வந்துவிட வேண்டும். இந்த இரண்டும் மட்டும்தான் விதி.

புக்கிட் தீமா சிங்கப்பூரின் உயரமான குன்று. உயரம் 163 மீட்டர் சொச்சம்தான். ஊரில் மலை பார்த்தவர்களுக்கு இது மேடு. ஆனால் அந்தக் குன்றின் அடிவாரக் காட்டைச் சுற்றிப் போகும் மலைச் சைக்கிள் பாதை இருக்கிறதே, அது வேறு சங்கதி. ஒரு சுற்று ஏறத்தாழ 6 கிலோமீட்டர். பாதையெங்கும் வேர்கள். சில இடங்களில் கை மொத்த வேர்கள் ஏணிப்படி போலக் குறுக்கே கிடக்கும். வேர் முடிகிற இடத்தில் கல் ஆரம்பிக்கும். இங்கே தரைக்கு அடியில் இருப்பது கருங்கல். ஒரு காலத்தில் இந்தக் குன்றைச் சுற்றிலும் கல் குவாரிகள் இருந்தன. பாதையில் துருத்திக்கொண்டு நிற்கும் கற்களும் அதே இனம்தான். உடைந்த முனை கத்தி மாதிரி இருக்கும். காலை 7 மணிக்குத் திறந்து மாலை 7 மணிக்கு மூடுகிறார்கள். நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் சூரியனும் வருடம் முழுக்கக் கிட்டத்தட்ட அதே கணக்கில் வந்து போகிறது. பன்னிரண்டு மணி நேரம், பத்துச் சுற்று, 60 கிலோமீட்டர். தார் ரோட்டில் 60 கிலோமீட்டர் என்பது ஒரு காலை நேரத்து வேலை. இங்கே அப்படி நினைத்துப் போனால் மாட்டிக்கொள்வோம்.

நாங்களும் மாட்டிக்கொண்டோம். முதல் முறை முயன்றபோது என் சைக்கிளில் இருந்தவை இலேசான ஓட்டப்பந்தய டயர்கள். எந்தப் பிராண்டு என்று சொல்ல விருப்பமில்லை. அந்த டயர் தன் வேலைக்கு நல்ல டயர்தான், நான் அதைக் கொண்டுபோன இடம்தான் தப்பு. ஒவ்வொன்றும் முக்கால் கிலோகூட வராது. முதல் மூன்று சுற்றும் பறந்தேன். நான்காவதில் வழுக்கத் தொடங்கியது. ஆறாவது சுற்றில் ஒரு கல் இடுக்கில் பின் சக்கரம் உரசிய சத்தம் கேட்டது. புடவை கிழிகிற மாதிரி ஒரு சத்தம். இறங்கிப் பார்த்தால் டயரின் பக்கச் சுவரில் என் சுண்டுவிரல் நீளத்துக்கு வெட்டு. ஓட்டை விழுந்தால் அடைப்பதற்காக உள்ளே ஊற்றியிருந்த சீலண்ட் என்ற திரவம் முழுக்க இலைகளின் மேல் வழிந்து கிடந்தது. அந்த அளவு வெட்டை எந்தச் சீலண்டும் அடைக்காது. வெட்டுக்கு உள்பக்கம் ஒரு தாளை மடித்து வைத்து, டியூப் போட்டு, பாதி தள்ளி பாதி ஓட்டி வெளியே வந்தேன்.

அன்று வீட்டுக்குத் திரும்பும்போது மனதில் ஓடியது ஒன்றுதான். முதல் சுற்றில் எந்த டயரும் நன்றாகத்தான் ஓடும். அப்போது நமக்குக் கண் தெளிவாக இருக்கும், கை சொன்னபடி கேட்கும், எந்தக் கல்லுக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தேர்ந்தெடுத்து ஓட்டுவோம். எட்டாவது ஒன்பதாவது சுற்றில் தேர்ந்தெடுக்கத் தெம்பு இருக்காது. சக்கரம் போகிற இடத்துக்கு நாம் போவோம். அந்த நேரத்தில் நம்முடைய தப்பைத் தாங்கிக்கொள்கிற டயர்தான் வேண்டும். பணிமனையிலும் இதே கதைதான். காலை முதல் ட்ரிப்பில் எல்லா வண்டியும் நல்ல வண்டி. ராத்திரி கடைசி ட்ரிப்பில், மழையில், ஓட்டுநருக்கும் அலுப்பு வந்த நேரத்தில் என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் நாங்கள் டயரை மதிப்போம்.

அதனால்தான் மினியன். மேக்சிஸ் என்பது தைவானின் செங் ஷின் ரப்பர் நிறுவனத்தின் பிராண்டு; அந்த நிறுவனம் 1967-இல் தொடங்கியது. மினியன் டயர் இருபது வருடத்துக்கும் மேலாகச் சந்தையில் இருக்கிறது. டிஎச் என்றால் டவுன்ஹில், எஃப் என்றால் முன் சக்கரம், ஆர் என்றால் பின் சக்கரம். மலை இறங்குவதற்கு என்று பிறந்த டயர். நான் வாங்கப் போன கடையில் இருந்த பையன், சிங்கப்பூரில் இறங்குவதற்கு மலை எங்கே அண்ணா, இது அதிகம், இலேசானதாக எடுங்கள் என்றான். மனதில் பட்டதை நேர்மையாகச் சொன்னான். ஆனால் நான் பகல் முழுக்க ஓட்டப் போகிறேன் என்பது அவனுக்குத் தெரியாது.

டயரின் பக்கத்தில் எழுதியிருக்கும் சங்கேதங்களைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் ஒரே பெயரில் பலவகை விற்கிறார்கள், மாற்றி வாங்கிவிடக்கூடாது. நான் எடுத்தது எக்ஸோ, 3சி மேக்ஸ்டெரா, டிஆர், டபிள்யூடி. எக்ஸோ என்றால் பக்கச் சுவரில் வெட்டுப்படாமல் இருக்க ஒரு கூடுதல் அடுக்கு. 3சி என்றால் மூன்று வகை ரப்பர்: அடியில் கெட்டியானது, அதன் மேல் மிருதுவானது, ஓரத்தில் அதைவிட மிருதுவானது. மேக்ஸ்டெரா நடுத்தரம், மேக்ஸ்கிரிப் இன்னும் மெத்தென்று பிடிக்கும், ஆனால் சீக்கிரம் தேயும், மேக்ஸ்ஸ்பீட் வேகத்துக்கு. டிஆர் என்றால் டியூப் இல்லாமல் ஓட்டலாம். டபிள்யூடி அகலமான ரிம்முக்கு. உள் அகலம் 30 முதல் 35 மில்லிமீட்டர் வரை இருக்கும் ரிம்மில்தான் இதன் உருவம் சரியாக உட்காரும். என்னுடையது 30. பழைய ஒடுக்கமான ரிம் வைத்திருப்பவர்கள் 2.3 அகலத்தைப் பாருங்கள்.

முன் டயரை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தேன். நடுவில் பட்டன்கள், அதாவது தரையைக் கவ்வும் ரப்பர்க் கட்டிகள், ஜோடி ஜோடியாகப் போகின்றன. ஒவ்வொரு பட்டனின் முன்விளிம்பும் சரிவாகச் சீவியிருக்கிறது, உருளும்போது தடைபடாமல் இருப்பதற்கு. பின்விளிம்பு செங்குத்து, பிரேக் பிடிக்கும்போது மண்ணில் ஊன்றுவதற்கு. பட்டனின் தலையில் பிளேடால் கீறிய மாதிரி ஒரு கோடு. கல்லின் மேல் அழுத்தும்போது அந்தக் கோடு விரிந்து பட்டன் படர்ந்து உட்காரும். நடு வரிசைக்கும் ஓர வரிசைக்கும் நடுவில் ஒரு வாய்க்கால் விட்டிருக்கிறார்கள், அதில் எதுவுமே இல்லை. முதலில் எனக்கு அது வீணான இடமாகத் தெரிந்தது. ஓட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. சைக்கிளைப் பாதி சாய்த்தால் டயர் கொஞ்சம் யோசிக்கும், நாமும் யோசிப்போம். பயப்படாமல் இன்னும் சாய்த்தால் ஓரத்துப் பட்டன் வரிசை வந்து கவ்வும். அந்தக் கவ்வலை நம்பப் பழக எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. பின் டயரில் நடுப் பட்டன்கள் துடுப்பு மாதிரி அகலம், பிரேக் பிடிக்கவும் மேட்டில் உந்தவும்.

டயரை ரிம்மில் ஏற்றியது சமையலறைக்குப் பின்னால், துணி காயப்போடும் இடத்தில். வால்வின் உள் ஊசியைக் கழற்றிவிட்டு வேகமாகக் காற்று அடித்தால் இரண்டு பக்கமும் ‘டப், டப்’ என்று ரிம்மில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. சாதாரண நின்று அடிக்கும் பம்பிலேயே ஏறிவிட்டது. ரிம் டேப் நன்றாக ஒட்டியிருந்தால் இதில் பயப்பட ஒன்றுமில்லை. பிறகு காற்றை இறக்கிவிட்டு, வால்வு வழியாகச் சீலண்டை ஊற்றினேன். வெள்ளையாக, பால் மாதிரி இருக்கும். நான் வாங்கியது ரப்பர் பாலில் செய்த வகை. டப்பாவைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற ஒரு நெடி.

அம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். எழுந்து வந்து நின்றார். டப்பாவை வாங்கி மோந்து பார்த்தார். “இது எங்க பால் ஸ்டோர் வாடை,” என்றார். அம்மா பிறந்தது ஜொகூரில் குளுவாங் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில். பன்னிரண்டு வயதில் பாட்டியோடு பால்மரம் வெட்டப் போனவர். மங்கில், அதாவது மரத்தில் கட்டிய கிண்ணத்தில், சேர்ந்த பால் உறைந்துபோகாமல் இருக்க அம்மோனியா கலப்பார்களாம். அந்த நெடிதான் இது. விரல் நுனியில் ஒரு சொட்டு எடுத்துத் தேய்த்தார். அது உருண்டு ஒரு சின்ன ரப்பர்ப் புழுவாகத் திரண்டது. அதைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டார், இதை எதுக்குடா டயருக்குள்ள ஊத்துறேன்னு. முள் குத்தி ஓட்டை விழுந்தால் காற்றோடு இது வெளியே வந்து அந்த இடத்திலேயே உறைந்து அடைத்துவிடும்மா என்றேன். “மரமும் அதைத்தானே செய்யுது,” என்றார். காயம்பட்ட இடத்தில் பால் வடிந்து, உறைந்து, காயத்தை மூடிக்கொள்ளும். மறுநாள் வெட்டும்போது அந்த உறைந்த பட்டையைத்தான் முதலில் இழுத்து எடுப்பார்களாம். 1877-இல் ரப்பர்க் கன்றுகள் சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவுக்கு வந்தன. 1888-இல் அங்கே பொறுப்பேற்ற ஹென்றி ரிட்லி என்பவர், மரத்துக்குக் கேடு வராமல் பட்டையை மெல்லச் சீவிப் பால் எடுக்கும் முறையை வகுத்து, தோட்டக்காரர்களை ரப்பர் நடச் சொல்லி வற்புறுத்தினார். அந்த மரங்களுக்குப் பின்னால்தான் எங்கள் குடும்பம் இந்தப் பக்கம் வந்தது. டயரைப் பற்றிய விமர்சனத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்கலாம். எனக்கு அந்தச் சாயங்காலத்தையும் இந்த டயரையும் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

சரி, அந்த நாளுக்கு வருகிறேன். முந்தின நாள் மாலை லேசாகத் தூறியிருந்தது. வீடு புக்கிட் பாஞ்சாங்கில் என்பதால் பழைய ரயில் தடத்தின் வழியாகவே போய்விட்டோம். 2011-இல் ரயில் ஓடுவது நின்ற பிறகு நடைபாதையாகவும் சைக்கிள் பாதையாகவும் ஆன தடம் அது. இந்த டயரின் முதல் குறை அங்கேயே தெரிந்துவிடும். சமதரையில் கனம். தேனீக்கூட்டம் பின்னால் வருகிற மாதிரி ஒரு ரீங்காரம். ஒரு டயர் ஏறத்தாழ ஒரு கிலோ. பழையதோடு ஒப்பிட்டால் இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து அரைக் கிலோவுக்கு மேல் கூடுதல். அதுவும் சுழல்கிற எடை. சைக்கிளின் சட்டத்தில் அரைக் கிலோ கூடினால் தெரியாது, சக்கரத்தின் வெளி ஓரத்தில் கூடினால் ஒவ்வொரு முறை மிதித்து வேகம் எடுக்கும்போதும் தொடை சொல்லும்.

7 மணி 5 நிமிடத்துக்கு முதல் சுற்று. காற்றழுத்தம் முன்னால் 24 பிஎஸ்ஐ, பின்னால் 26 வைத்திருந்தேன். என் எடை 74 கிலோ. சைக்கிளுக்கு முன்னால் மட்டும்தான் சஸ்பென்ஷன், பின்பக்கம் விறைப்பான சட்டம். அந்த அழுத்தத்தில் ஈர வேர்கள் மேல் டயர் துள்ளியது. துள்ளுகிற டயர் தரையைத் தொடுவதே இல்லை, அப்புறம் எங்கே பிடிப்பது? இரண்டாவது சுற்றின் முடிவில் கொஞ்சம் காற்றை இறக்கினேன், மூன்றாவதின் முடிவில் இன்னும் கொஞ்சம். முன்னால் 20, பின்னால் 23 வந்தபோது எல்லாம் மாறியது. அதே வேர், அதே ஈரம். டயர் வேரின் மேல் குதிக்காமல் அதைச் சுற்றி மடங்கிப் படுத்து எழுந்து போனது. பின்னால் சஸ்பென்ஷன் இல்லாத சைக்கிளில் பின் டயரில் உள்ள காற்றுதான் முதுகுக்குச் சஸ்பென்ஷன். அதற்கும் கீழே இறக்கலாமா என்று கேட்டால், நான் இறக்கிப் பார்த்தேன். 20-க்கு வந்ததும் ஒரு கல்லில் ரிம் ‘டங்’ என்று மோதியது. உடனே 23-க்கு ஏற்றிவிட்டேன். உங்கள் எடை வேறாக இருந்தால் எண்ணும் வேறாகும். ஒரு சின்ன டிஜிட்டல் அழுத்தமானி மட்டும் கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள். கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து 2 பிஎஸ்ஐ வித்தியாசம் கண்டுபிடிக்க என்னாலேயே முடியாது, நான் தொழிலே அதுதான் செய்கிறேன்.

மூன்றாவது சுற்று முடிந்தபோது மணி 9.50. பழைய டயரில் இதே இடத்துக்கு இருபது நிமிடம் முன்னாலேயே வந்திருந்தேன். மச்சான் வைத்திருந்தது இலேசான டயர். அவன் ஒவ்வொரு மேட்டிலும் எனக்கு முன்னால் போய் நின்று காத்திருந்தான். அந்த நேரத்தில் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னச் சந்தேகம் வந்தது, கடைப் பையன் சொன்னதுதான் சரியோ என்று.

நான்கும் ஐந்தும் பெரிய கதை இல்லாமல் போயின. ஐந்து முடிந்து பகல் பன்னிரண்டேகாலுக்குச் சாப்பிட உட்கார்ந்தோம். நாசி லெமாக் பொட்டலம், வாழைப்பழம், உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீர். சாப்பாட்டை வெளியே எடுத்தால் குரங்குகள் வந்துவிடும். பையை ஒரு நிமிடம்கூடக் கீழே வைக்காதீர்கள், அவற்றுக்குத் தீனியும் போடாதீர்கள், அதற்கு அபராதம் உண்டு. இந்தக் காட்டில் வெயில் தலையில் விழாது. ஆனால் காற்றும் வராது. சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும் போல வியர்வை. இடைவேளையில் டயரைச் சுழற்றிப் பார்த்தபோது பின் டயரின் நடுப் பட்டன்கள் இடையே ஒரு முள் முறிந்து நின்றது. அதைச் சுற்றி வெள்ளையாக ஈரம். எப்போது குத்தியதென்றே எனக்குத் தெரியாது. அழுத்தமானி 23 காட்டியது. முள்ளைப் பிடுங்கவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

மதியத்துக்குப் பிறகு கணக்கு மாறியது. ஆறாவதில் மச்சான் எனக்காகக் காத்திருக்கவில்லை, ஏனென்றால் அவன் எனக்கு முன்னால் இல்லை. வேர்ப்படிகளில் அவன் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தான், நான் உட்கார்ந்தபடி ஏறினேன். தெம்பு இரண்டு பேருக்கும் ஒரே அளவில்தான் தீர்ந்திருந்தது. அவன் டயர் வழுக்கும் ஒவ்வொரு முறையும் அவன் உடம்பு அதைச் சமாளிக்க ஒரு உதறு உதற வேண்டியிருந்தது. அப்படி நூறு உதறல், இருநூறு உதறல். தோளும் கெண்டைக்காலும் போய்விடும். ஏழாவது முடிந்ததும் அவனுக்குத் தொடையில் தசை இழுத்துக்கொண்டது. “அத்தான், நீங்க போங்க, நான் பையைப் பாத்துக்கிறேன்,” என்று உட்கார்ந்துவிட்டான். அவன் என்னைவிடப் பதினொரு வயது இளையவன், என்னைவிட நல்ல ஓட்டக்காரன். இதை அவனிடமே சொல்லியிருக்கிறேன்.

எட்டாவது சுற்று 4.25-க்கு முடிந்தது.

ஒன்பதாவதைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். கல் திட்டுகள் அடுத்தடுத்து வரும் ஓர் இறக்கம் இருக்கிறது. நான் எப்போதும் இடது ஓரமாகப் போவேன். அங்கே ஒரு தட்டையான கல், அதிலிருந்து அடுத்ததற்கு ஒரு சக்கர அகல வழி. எட்டுச் சுற்றும் அப்படித்தான் போனேன். ஒன்பதாவதில் கண் இடது பக்கம் பார்த்தது, கை திரும்பவில்லை. விரல்கள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து மரத்துப் போயிருந்தன. முன் சக்கரம் நேராக நடுவில் போய், சாய்வான ஒரு கல்லின் பக்கவாட்டில் ஏறியது. ஈரமான கருங்கல், பாசி கொஞ்சம். சைக்கிள் சாய்ந்தது. விழுந்துவிட்டேன் என்றே நினைத்தேன், உடம்பு விழுவதற்குத் தயாராகக்கூட ஆகிவிட்டது. அந்தச் சாய்வில் ஓரத்துப் பட்டன் வரிசை கல்லைக் கவ்வியது. கைப்பிடி வழியாக அது எனக்குத் தெரிந்தது, மெதுவாக ஒரு நழுவல், பிறகு ஒரு பிடி. டயர் ஒரு பக்கமாக மடங்கி, கல்லின் விளிம்பைத் தேய்த்துக்கொண்டு, கீழே மண்ணில் இறங்கியது. பின் சக்கரம் அதே கல்லின் முனையில் தன் பக்கச் சுவரை உரசிக்கொண்டு வந்தது. அதே புடவை கிழிகிற சத்தம். கீழே வந்து நிறுத்திவிட்டேன். இறங்கிப் பார்க்கவே மனம் வரவில்லை.

பக்கச் சுவரில் வெளிர் நிறத்தில் ஒரு நீளமான சிராய்ப்பு. எச்சில் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ரப்பரின் மேல்தோல் போயிருந்தது, உள்நூல் ஒன்றுகூட அறுபடவில்லை. காற்று இறங்கவில்லை. அங்கேயே அந்தக் கல்லின் மேல் உட்கார்ந்து இரண்டு மிடறு தண்ணீர் குடித்தேன். எங்கோ மேலே ஒரு பறவை ஒரே சுரத்தில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. போன முறை டியூப் போட்டுக்கொண்டு நின்ற இடம் அங்கிருந்து அதிக தூரமில்லை.

5.45-க்கு ஒன்பதாவது சுற்று முடிந்தது. 54 கிலோமீட்டர். பத்தாவதுக்கு நேரம் இருந்த மாதிரிதான் தெரிந்தது, ஆனால் மரங்களுக்கு அடியில் ஆறேகாலுக்கே கண் மங்கும். விளக்கும் இல்லை, மூடுவதற்குள் வெளியேற வேண்டும் என்பது எங்கள் விதி. மச்சானும் வேண்டாம் என்று தலையாட்டினான். நிறுத்திக்கொண்டேன். அந்த முடிவில் எனக்கு வருத்தமே இல்லை. இந்தக் காட்டைப் பழுதுபார்ப்பதற்காகவே 2014 முதல் இரண்டு வருடம் பெரும்பகுதியை மூடி வைத்து, 2016 அக்டோபரில்தான் முழுதாகத் திறந்தார்கள். நமக்கு இங்கே ஓட்ட விட்டிருப்பதே பெரிது. நேரத்தை மதித்து வெளியே வருவது நம் வேலை.

இனி வாங்குகிறவர்களுக்கு. இது எல்லோருக்குமான டயர் இல்லை. பூங்கா இணைப்புப் பாதைகளிலும் ஈஸ்ட் கோஸ்ட்டிலும் ஓட்டுகிறவர்கள் இதை வாங்கினால் காசும் போகும், தொடையும் போகும். ஒரு மணி நேரம் புக்கிட் தீமாவில் ஒரு சுற்றோ இரண்டு சுற்றோ அடித்துவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கும், கை தேர்ந்தவர்களாக இருந்தால், இதைவிட இலேசானது போதும், வேகமாகவும் இருக்கும். உபின் தீவில் இருக்கும் கேத்தாம் மலைச் சைக்கிள் பாதைக்கு நான் இதே டயரோடு போனேன். அங்கே பின் டயர் தேவைக்கு அதிகம் என்று பட்டது. முன்னால் மினியனை வைத்துக்கொண்டு பின்னால் இன்னும் சுலபமாக உருளும் ஒன்றைப் போடலாம் என்று பலர் சொல்கிறார்கள். அது சரியான யோசனை என்றுதான் எனக்கும் தோன்றுகிறது, ஒரே நிபந்தனையோடு: பக்கச் சுவர் தடிமனானதாக இருக்க வேண்டும். முன்னாலிருக்கும் டயரில் மட்டும் மிச்சம் பிடிக்காதீர்கள். பின் சக்கரம் வழுக்கினால் சமாளிக்கலாம், முன் சக்கரம் வழுக்கினால் முகம்தான் தரையில்.

டியூப் போட்டு ஓட்டலாமா என்று மச்சான் கேட்டான். ஓட்டலாம். ஆனால் 23 பிஎஸ்ஐ-யில் டியூப் வைத்து அந்தக் கற்களில் போனால் ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பாம்பு கடித்த மாதிரி இரண்டு ஓட்டை விழும். அழுத்தத்தைக் கூட்ட வேண்டிவரும், கூட்டினால் இந்த டயருக்குக் கொடுத்த காசின் பாதிப் பயன் போய்விடும். சீலண்ட் நம் ஊர்ச் சூட்டில் சீக்கிரம் காய்கிறது. எனக்கு இரண்டு மாதத்திலேயே பாதி உறைந்திருந்தது. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள், உள்ளே உருண்டை உருண்டையாகக் கிடந்தால் எடுத்துப் போட்டுவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். உருட்டும் திசை அம்புக்குறி டயரின் பக்கத்திலேயே இருக்கிறது. ஏற்றுவதற்கு முன் ஒருமுறை பாருங்கள், நான் பின் டயரை முதலில் மாற்றிப் போட்டுவிட்டுத் திரும்பக் கழற்ற வேண்டியதாயிற்று.

தேய்மானம்: அந்த ஒன்பது சுற்றும், அதற்கு முன்னும் பின்னுமாகப் பதினாறு ஞாயிற்றுக்கிழமையும் ஓடியிருக்கிறது. பின் டயரின் துடுப்புப் பட்டன்களில் பிரேக் பிடிக்கும் விளிம்பு உருண்டுவிட்டது, இரண்டு பட்டனில் அடியில் லேசான கிழிசல். இன்னும் மூன்று மாதம் போகும் என்று என் கணிப்பு. முன் டயரின் ஓரப் பட்டன்கள் இன்னும் புதுசு மாதிரி விரலைக் கீறுகின்றன. அதை இன்னும் ஒரு வருடம் மாற்ற மாட்டேன். அந்த முள் பின் டயரில் இன்னும் அப்படியே இருக்கிறது. அம்மா தினமும் பால்கனிக்குப் போகும்போது சக்கரத்தைச் சுழற்றி அதை ஒரு தடவை பார்த்துவிட்டுத்தான் துணி காயப்போடுகிறார்.